போட்ட ஊசியை எங்கே போடுவது? இன்சுலின் எடுக்கும் குடும்பங்கள் கவனத்துக்கு

கடந்த ஆண்டு ஒரு நாள் காலை. எங்கள் தாமானுக்குக் குப்பை லோரி வந்திருந்தது. லோரியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த வங்காளதேச இளைஞர், எங்கள் வீட்டு வாசலில் இருந்த கறுப்புப் பையைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். போட்டிருந்தது வெறும் துணிக் கையுறை. கழற்றிப் பார்த்தால் விரலில் ஒரு பொட்டு ரத்தம். பையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, என் அம்மா முதல் நாள் இரவு போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசி.

அம்மா அலட்சியமானவர் அல்லர். ஒவ்வொரு ஊசியையும் டிஸ்யூ தாளில் சுற்றி, ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டுத்தான் குப்பையில் போடுவார். தாளும் பிளாஸ்டிக்கும் ஊசியைத் தடுக்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஊசியை எப்படிப் போடுவது என்பதை எங்களுக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்திருந்தார்கள். போட்ட பிறகு அதை என்ன செய்வது என்பது எங்கள் காதில் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு தாதியரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இனிப்பு நீர் இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. எல்லா இனங்களிலும் நாம்தான் முதலிடம். எல்லாரும் ஊசி போடுவதில்லை; பலருக்கு மாத்திரையே போதும். ஆனால் சாப்பாட்டுக்கு முன் மூன்று, படுக்கும்போது ஒன்று என நாளுக்கு நான்கு முறை இன்சுலின் எடுப்பவர், ஒவ்வொரு முறையும் புது ஊசி எடுத்தால் ஆண்டுக்கு 1,460 ஊசிகளை வெளியே அனுப்புகிறார். இது ஒரே ஆளின் கணக்கு. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க விரலைக் குத்தும் லான்செட் முனை இதில் சேரவில்லை.

இன்சுலின் மட்டும் அல்ல. உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒரு முறை போடும் பேனா ஊசிகள், சிறுநீரக நோயாளிகள் ரத்தம் ஊற வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி, பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குக் கொடுக்கும் ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி என்று வீட்டுக்குள் வரும் ஊசிகள் பல. சர்க்கரையை நாள் முழுவதும் காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொள்பவர்களும் கவனிக்க வேண்டும். அதைப் பொருத்தும் கருவிக்குள் ஓர் ஊசி இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

எவ்வளவு ஆபத்து?

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இன்சுலின் ஊசி மிக மெல்லியது. அதில் ஒட்டியிருக்கும் ரத்தம் மிகக் குறைவு. பெரும்பாலான வீடுகளில் ஊசி போட்டுக்கொள்பவருக்கு ரத்தத்தில் பரவும் நோய் எதுவும் இருக்காது.

ஆனால் குத்துப்பட்டவருக்கு அது தெரியாதே. எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1,000இல் ஏறக்குறைய 3. ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. தடுப்பூசி போடாத ஒருவரை ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு 100இல் 30 வரை போகலாம். அந்தக் கிருமி காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். குப்பைப் பையில் இரண்டு நாள் கிடந்த ஊசி "செத்துப்போன" ஊசி அல்ல.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது 1989இல். அதற்கு முன் பிறந்தவர்களில், தனியாகப் போட்டுக்கொண்டவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் அங்காடிகளிலும் துப்புரவு வேலை செய்யும் நம் பெண்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தாம். அலுவலகக் கழிப்பறைத் தொட்டியில் யாரோ போட்டுவிட்டுப் போன ஊசி குத்தப்போவது அந்தக் கையில்தான்.

தொற்று இல்லை என்று உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். முதல் நாள் ரத்தப் பரிசோதனை, சில வாரங்கள் கழித்து ஒன்று, மறுபடி மூன்றாம் மாதம், சிலருக்கு ஆறாம் மாதம். அதுவரை வீட்டில் மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். நோய் வராவிட்டாலும் இவ்வளவு இருக்கிறது.

எந்த டப்பா?

மருந்தகங்களில் ஊசிக்கென்றே மஞ்சள் நிறப் பெட்டி விற்கிறார்கள். வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் கட்டாயம் இல்லை. துணி துவைக்கும் திரவ சோப்பு, துணியை மென்மையாக்கும் திரவம் ஆகியவை வரும் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலே போதும். அழுத்தினால் நெளியக்கூடாது. திருகி மூடும் மூடி இருக்க வேண்டும். வாய் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையின் கை உள்ளே போகாது. காலியான பிறகு கழுவிக் காய வைத்து, முதல் ஊசியைப் போடுவதற்கு முன்பே மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

எதில் எழுதுவது என்று கேட்டால், மலாயில். நம் வீட்டாருக்காகத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அந்தப் போத்தலைக் கையில் எடுக்கப்போகிறவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ நேப்பாளியாகவோ இருக்கலாம். "ஜாரும் தாஜாம், ஜாங்ஙான் பூக்கா" என்று ரூமி எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஓர் ஊசிப் படமும் வரைந்துவிட்டால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

மினரல் வாட்டர் போத்தல் வேண்டாம். அது மெல்லியது, மிதித்தால் நசுங்கி ஊசி வெளியே வரும். கண்ணாடிப் போத்தல் உடையும். மைலோ டின் கெட்டிதான், ஆனால் கீழே விழுந்தால் மூடி கழன்றுகொள்ளும். பழைய இரும்பு வாங்க வருபவர் அதை ஆசையோடு எடுத்தும் போவார். பிஸ்கட் டின்னில் போடவே கூடாது. நம் வீடுகளில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் தையல் ஊசியும் நூலும் இருப்பது வழக்கம் என்றாலும், பேரப்பிள்ளைகள் இன்னமும் பிஸ்கட் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதைத் திறக்கிறார்கள்.

டப்பா ஊசி போடும் இடத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அறையில் ஊசி போட்டுவிட்டுக் கையில் ஊசியோடு சமையலறை வரை நடப்பது ஆபத்து. முக்கால் பாகம் நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் இரண்டு போகும் என்று அழுத்தித் திணிக்கும்போதுதான் பலருக்குக் கையில் குத்துகிறது. மூடியைத் திருகி, மேலே கெட்டியான டேப் ஒட்டுங்கள். அதன் பிறகு திறக்கவே கூடாது.

கழற்றும் முறை

இதில்தான் வீட்டிலுள்ளவர்கள் தங்களையே குத்திக்கொள்கிறார்கள். பேனா ஊசிக்கு இரண்டு மூடிகள் உண்டு. வெளியே பெரியது, உள்ளே மெல்லியது. போட்டு முடித்ததும் உள்மூடியை மறுபடி மாட்ட முயல வேண்டாம். பெரிய மூடியை மேசை மேல் வாய் மேலே பார்க்க நிறுத்துங்கள். மறு கையால் அதைப் பிடிக்காமல், பேனாவை மட்டும் பிடித்து ஊசியை அதற்குள் இறக்குங்கள். நன்கு உட்கார்ந்ததும் திருகிக் கழற்றி, மூடியோடு டப்பாவில் போட்டுவிடுங்கள். கண் பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் இது கடினம். அவர்களுக்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டும். உதவுபவரும் மூடியைக் கையில் பிடிக்கக்கூடாது.

பேனா இல்லாமல் சிறு சிரிஞ்சில் மருந்து எடுப்பவர்களுக்கு வேலை எளிது. மூடவே வேண்டாம். வளைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், கத்தரிக்கோலால் முனையை வெட்ட வேண்டாம். வெட்டிய முனை எங்கே பறந்தது என்று தேடுவது பெரும்பாடு. முழு சிரிஞ்சையும் முனை கீழே போகும்படி டப்பாவில் போடுங்கள்.

ஊசியைக் கழற்றாமல் பேனாவிலேயே விட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. மருந்து கசியும், உள்ளே காற்று புகும், அடுத்த முறை அளவு குறையும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கும், போடும் இடத்தில் தோல் தடித்துப் போகும். அப்படித் தடித்த இடத்தில் இன்சுலின் சரியாக இறங்காது. கொடுத்த ஊசி போதவில்லை என்றால் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பத்து நாள் ஒரே ஊசியை ஓட்ட வேண்டாம்.

கணவன் மனைவி இருவருக்கும் இனிப்பு நீர் இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். இருவருக்கும் ஒரே மருந்தாக இருந்தால், "ஊசியை மட்டும் மாற்றிக்கொள்கிறோம், பேனா ஒன்றுதான்" என்பார்கள். அதுவும் கூடாது. ஊசி போடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவுக்குள் போக வாய்ப்பு உண்டு. அவரவர் பேனா அவரவருக்கு.

காலி பேனா, மருந்துப் புட்டி, பஞ்சு, சர்க்கரை பார்த்த ஸ்டிரிப் ஆகியவை ஊசியோடு சேர வேண்டியதில்லை. பையில் கட்டிச் சாதாரணக் குப்பையில் போடலாம். பேனாவில் ஊசி இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லான்செட் முனை சின்னதாக இருந்தாலும் ஊசிதான்.

நிரம்பிய டப்பா எங்கே போக வேண்டும்?

வந்த இடத்துக்கே. மருந்து எடுக்கும் அரசாங்க சுகாதார கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரியான வழி. அங்கே சேரும் ஊசிகள் சாதாரணக் குப்பையோடு போவதில்லை. மஞ்சள் பெட்டியில் அடைத்து, தனி வாகனத்தில் ஏற்றி, மருத்துவக் கழிவுக்கான எரியுலையில் அதிக வெப்பத்தில் எரிக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் 1997 முதல் இந்த வேலையைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் செய்து வருகின்றன.

தனியாகப் போய்வர வேண்டியதில்லை. மாத மருந்து எடுக்கவோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் சோதிக்கவோ எப்படியும் போகிறோம். அந்தப் பையிலேயே டப்பாவையும் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. எல்லா கிளினிக்கிலும் ஒரே கவுண்டர் அல்ல. சில இடங்களில் மருந்தகத்தில் வாங்குவார்கள், சில இடங்களில் இனிப்பு நீர் பிரிவுத் தாதி வாங்குவார். முதல் முறை கேட்டுவிட்டுப் போவது நல்லது. மிச்சமான மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கும் பெட்டி சில இடங்களில் வைத்திருப்பார்கள். அதில் ஊசி டப்பாவைப் போட்டுவிட்டு வராதீர்கள். மாத்திரையைப் பிரிப்பவரின் கையில் அது குத்தும்.

மறுசுழற்சிப் பை இன்னொரு பொறி. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜோகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். பிளாஸ்டிக் போத்தல் என்றதும் மறுசுழற்சிப் பைக்குள் போடக் கை தானாகப் போகும். அங்கே அதைக் கையால் பிரிப்பார்கள். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் வேனில் போட்டாலும் இதே கதைதான். ஊசி இருக்கும் போத்தல் எக்காரணம் கொண்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

எந்த கிளினிக்கும் வாங்கவில்லை, வேறு வழியே இல்லை என்றால்? மூடி டேப் ஒட்டி, பெயர் எழுதிய கெட்டி டப்பாவைச் சாதாரணக் குப்பைப் பையின் நடுவில் வையுங்கள். நல்ல வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் தாளில் சுற்றிய ஊசியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள், அங்கே டப்பாவை மூடிக் குப்பையிலேயே போடச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போகிறது. இங்கே பெரும்பாலும் குப்பை மேட்டுக்குப் போகிறது. குப்பை மேட்டில் கிளறி எடுத்து விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

தாமானில் இருப்பவருக்குக் குப்பை லோரியாவது வருகிறது. தோட்டத்து லயங்களில் பல இடங்களில் வீட்டுக்குப் பின்னால் குழி, அல்லது லயத்துக் கோடியில் ஒரு தீமூட்டும் இடம். என் பாட்டி இருந்த தோட்டத்திலும் அப்படித்தான். மாலையில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவார்கள். எரித்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை.

ஊசி எரியாது. பிளாஸ்டிக் பகுதி உருகிப் புகையாகும். எஃகு முனை சாம்பலுக்குள் அப்படியே கிடக்கும். அந்தச் சாம்பலை அள்ளித்தான் வாழைக்கும் கத்திரிக்கும் போடுகிறார்கள், வெறும் காலோடு. திறந்தவெளியில் குப்பையை எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு. குழியில் புதைத்தால் மழையில் மேலே வரும், நாய் கிளறும். கால்வாயில் போட்டது மதகில் தங்கும். அங்கேதான் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள். கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றினால், தொட்டி நிரம்பும்போது அதைச் சுத்தம் செய்ய வருபவர் மாட்டுவார்.

முன்பு தோட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியும் ஒரு டிரெசரும் இருப்பார்கள். ஊசி அவர் கையை விட்டு வெளியே போகாது. இன்று பல தோட்டங்களில் அது இல்லை. ஊசி வீட்டுக்கு வந்துவிட்டது, டிரெசர் போய்விட்டார். கிளினிக் இருக்கும் பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் போக வேண்டும். வயதானவர்கள் மாதம் ஒரு முறை போவதே மகன் லீவு எடுத்தால்தான்.

இதற்கு ஒரு வழி, லயத்துக்குப் பொதுவாகச் சேர்த்து அனுப்புவது. ஐந்தாறு வீட்டார் அவரவர் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு, யார் கிளினிக்குப் போகிறார்களோ அவரிடம் கொடுத்துவிடலாம். மூடிய டப்பாவாகத்தான் கொடுக்க வேண்டும். பெரிய டப்பாவில் கொட்டிச் சேர்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடமும் பேசிப் பாருங்கள். தொழிலாளர்களின் குடியிருப்பு, சுகாதார வசதிகள் பற்றி 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் முதலாளிகளுக்குக் கடமைகளை விதித்திருக்கிறது. அலுவலகத்தில் ஓர் ஊசிப் பெட்டி வைக்கச் சொல்லிக் கிராணியிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

குத்திவிட்டால்

அன்று அம்மா சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடியதுதான் நாங்கள் செய்த ஒரே சரியான காரியம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். வாயில் வைத்து உறிஞ்சக்கூடாது. ரத்தத்தைப் பிழிந்து எடுக்கக்கூடாது. குளோராக்ஸ் ஊற்றக்கூடாது. மஞ்சளும் காப்பித் தூளும் காயத்தின் மேல் என்ன செய்தாலும் உள்ளே போன கிருமியை ஒன்றும் செய்யாது.

கழுவியதும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரை தேவை என்று மருத்துவர் கருதினால், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறப்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு உடனே தடுப்பூசி கொடுப்பார்கள். டெட்டனஸ் ஊசியும் பார்ப்பார்கள். யாருடைய ஊசி என்று தெரிந்தால் அதைச் சொல்வது பெரிய உதவி. அவரும் ரத்தம் சோதித்துக்கொண்டால் குத்துப்பட்டவரின் காத்திருப்புக் குறையும்.

அந்த இளைஞர் வர மறுத்தார். வெளிநாட்டவருக்கு மருத்துவமனைக் கட்டணம் அதிகம், அன்றைய சம்பளம் போய்விடும், மேலாளர் திட்டுவார். "தா அப்பா, மக்சிக்" என்று அம்மாவுக்கு அவரே ஆறுதல் சொன்னார். அம்மா விடவில்லை. கட்டணத்தை நாங்கள் கொடுப்பதாகச் சொல்லி, லோரி ஓட்டுநரிடமும் பேசி, என் காரில் அழைத்துப் போனோம். அம்மாவும் ரத்தம் கொடுத்தார். எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்று நான் அவருக்குப் போன் செய்து சொன்னேன். அதுவரை அவர் எத்தனை இரவு தூங்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வெளியே

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகும்போது ஊசி போடுவது பெரும்பாலும் மண்டபத்துக் கழிப்பறையில்தான் நடக்கிறது. ஊசி என்றாலே போதைப் பொருள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சத்தில்தான் ஊசி தொட்டிக்குள்ளும், தண்ணீர்த் தொட்டியின் பின்னாலும் மறைகிறது. கைப்பையில் ஒரு சின்ன கெட்டி டப்பா வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் மூடியோடு கழற்றிய ஊசியைப் பெரிய போத்தலுக்கு மாற்றிவிடலாம். சிரிஞ்சு பயன்படுத்துபவர் மாற்ற வேண்டாம். டப்பாவை அப்படியே கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

கிளினிக்கில் எப்படிக் கேட்பது என்று தயங்கும் பெரியவர்களுக்காக ஒரு வாக்கியம்: "மிஸ்ஸி, இனி ஜாரும் இன்சுலின் யாங் சூடா பாக்காய். போலே ஹந்தார் டி சினி?" வாங்கமாட்டோம் என்றால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். "ஹாபிஸ், நா ஹந்தார் டி மானா?" என்று அடுத்ததையும் கேட்டு, அவர் சொல்லும் இடத்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.